லெஃப்ட் கார்னருக்கு வைக்காத தட்டு

கார்த்திகை 16, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் தவளை செத்துக் கிடந்தது. எடுத்துப் போட்டேன். சரோஜாவிடமும் அப்புறம் கடையிலும் நல்ல பாம்பு என்று சொல்லியிருக்கிறேன். பயத்தில் இரண்டு தோசை கூடுதலாக ஊற்றினாள்.

பத்து மணிக்கு மணியின் பஞ்சர் கடை. பழைய டயர் மேல் வழக்கமான கூட்டம். ரிக் துரையும் இருந்தான். போர் போடும் வண்டி மழைக்கு நின்றுவிட்டதால் ஊருக்கு வந்திருக்கிறான். அவன் ரிக்கில் போன மாநிலமெல்லாம் நான் அதற்கு முன்பே லாரியில் போனவன். அதனாலேயே ஒத்துப்போவதில்லை.

பேச்சு முழுக்க கபடிதான். கார்த்திகை முடியப் பதின்மூன்று நாள். அதற்குள் நம் வெற்றிமுரசு அணி யாரை எடுக்கும், யாரை விடும்? எடுக்கிற ஆளுக்குத் தட்டு வைக்க வேண்டும். வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், மேலே புது ஜெர்ஸி. வாங்கிவிட்டால் தை முதல் ஆடி வரை அந்த ஊருக்குத்தான் ஆட வேண்டும். மார்கழியில் நல்ல காரியம் பேசக்கூடாது, தட்டும் வைக்கக்கூடாது.

மணி: "ஆத்தூரு விக்கி வர்றானாமா. ஒரே ரெய்டுல மூணு பேரத் தொட்டுப்போட்டு வாரானுங்க."

நான்: "மூணா? நான் பாத்தன்னிக்கு அஞ்சு."

(செல்போனில் பார்த்தேன். அதுவும் பாதி. நெட் தீர்ந்துவிட்டது.)

துரை: "தொடறதுக்கு ஆயிரம் பேரு வருவானுங்க. பிடிக்க ஆளு வேணுமல்ல? லெஃப்ட் கார்னர்ல செல்வராஜ் நிக்கற வரைக்கும்தான் நம்ம டீமு. அவனுக்குப் பக்கத்துல நின்னு பிடிக்க நல்ல கவரு ஒண்ணப் போடுங்க. ஆத்தூர்க்காரன் எதுக்கு?"

செல்வராஜ் என் அக்கா மகன். அவனைத் துரை புகழ்கிறான். பேசாமல் டீயைக் குடித்திருக்கலாம். ஆனால் துரை சொல்லி நான் தலையாட்டுவதா?

"செல்வராஜ நம்பி இருந்தா இந்த வருசம் அவ்வளவுதான். அவனுக்கு முட்டி போச்சுங்க. டாக்டரே எங்கிட்ட சொன்னாரு."

டாக்டர் யாரும் இல்லை. போன மாதம் செ. எங்கள் வீட்டுப் படி இறங்கும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு சரோஜாவிடம் தைலம் கேட்டான். அவ்வளவுதான் நடந்தது.

துரை வாயை மூடிக்கொண்டான். எத்தனை வருடத்துக்குப் பிறகு! போண்டா இன்று நன்றாக இருந்தது.

கார்த்திகை 19, வெள்ளி

வெயில். நெல்லிக்காய் ஊறுகாய் போட்டாகிவிட்டது. வாங்க வேண்டியவை: கொசுவத்தி, செருப்பு வார், மாத்திரை.

சைக்கிளுக்குக் காற்று அடிக்கப் போனேன். மணி ரகசியமாகக் கேட்டான். "ஏனுங்க, செல்வராஜுக்கு சேலத்துல ஆப்பரேசன் பண்ணி ஸ்க்ரூ வெச்சிருக்குதாமா?"

ஆப்பரேசன் நான் சொன்னதில்லை. மூன்று நாளில் எவனோ சேர்த்திருக்கிறான்.

"எத்தன ஸ்க்ரூங்க?"

"மூணு" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. கேட்டான், சொன்னேன். தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

கார்த்திகை 21, ஞாயிறு

செல்வராஜ் வந்தான். கோழிப்பண்ணையில் முட்டை லோடு ஏற்றிவிட்டு நேராக. சட்டையில் தவிடு. சரோஜா கேட்டாள் என்று மாடிக்கு ஏறித் தண்ணீர்த் தொட்டிக் குழாயில் அடைத்திருந்த வேப்பிலையை எடுத்தான். இறங்கும்போது படியில் வரவில்லை. பாதியிலிருந்து குதித்தான். முட்டி கல் மாதிரி இருக்கிறது. சாப்பாட்டில் எனக்குப் புரை ஏறியது.

கை கழுவிவிட்டு மெதுவாகச் சொன்னான்: "மாமா, ஒண்ணு கேட்டா சிரிக்கக் கூடாதுங்க."

"சொல்லு மாப்ள."

"பதினோரு வருசமா ஆடறனுங்க. வெளியூர்க்காரனுக்கெல்லாம் தட்டு வெச்சுக் கூப்படறாங்க. எனக்கு ஒருக்காக் கூட வெச்சதில்லீங்க. ஜெர்ஸி கூட சாக்குப்பையில கெடக்கும், நானே தேடி எடுத்துக்குவேன்."

"ஊட்டுப் புள்ளைக்கு எதுக்கு சாமி வெத்தலை?"

"அதுதானுங்க எல்லாரும் சொல்றது. இந்த ஒரு வருசம் வெச்சாத் தேவலைங்க. அம்மா பாக்கட்டுமுன்னு. நீங்க செயலாளர்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க."

"சொல்லியாச்சுன்னு வெச்சுக்க. என் பேச்ச அவரு மீறுவாரா?"

சிரித்துக்கொண்டே போனான். முகம் முழுக்கச் சந்தோஷம். அவன் காதுக்கு ஸ்க்ரூ இன்னும் போகவில்லை போலிருக்கிறது.

நாளைக் காலை முதல் வேலை: செயலாளர் பொன்னுசாமியைப் பார்த்து உண்மையைச் சொல்வது.

கார்த்திகை 22

போகவில்லை. மழை.

கார்த்திகை 24, புதன்

கமிட்டிக் கூட்டம். நூற்றைம்பது பேர். சரி, இருபது. துரையும் நின்றிருந்தான்.

தட்டு வைப்பதாக முடிவான ஆட்கள்: ஆத்தூர் விக்கி, ரெய்டர். திருச்செங்கோட்டுக் கவர். பரமத்தியில் ஒரு நெட்டையன், லெஃப்ட் கார்னருக்கு.

கடைசிப் பெயரைக் கேட்டதும் எழுந்தேன்.

செயலாளர் என்னைப் பார்த்து, "உக்காருங்க, நீங்க சங்கடப்படாதீங்க" என்றார். "செல்வராஜ் நம்ம ஊட்டுப் பையன். முட்டில மூணு ஸ்க்ரூவ வெச்சுட்டு ஆடச் சொன்னாப் பாவமுங்க. ஒரு வருசம் சும்மா இருக்கட்டும். ஏனுங்க, டாக்டரு உங்ககிட்டத்தானுங்களே சொன்னாரு?"

இருபது பேரும் என் வாயைப் பார்த்தார்கள். துரையும் பார்த்தான்.

லாரி கவிழ்ந்து மூன்று நாள் காட்டில் இருந்த கதையை நின்ற இடத்தில் இரண்டு மணி நேரம் சொல்லியிருக்கிறேன். இன்று ஒரே ஒரு வரி வேண்டியிருந்தது. வரவில்லை.

தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெளிவில்லை என்று எழுதப் பார்த்தேன். தெளிவுதான். ஆமாம் என்றுதான் ஆட்டினேன்.

கார்த்திகை 26, வெள்ளி

முகூர்த்த நாள். ஊரெல்லாம் ஒலிபெருக்கி.

நாம் செல்வராஜை விட்டது தெரிந்து மோகனூர் அணிக்காரர்கள் காலையிலேயே அக்கா வீட்டுக்குத் தட்டோடு வந்துவிட்டார்கள். சரோஜா அங்கேதான் இருந்தாள். சாயங்காலம் வந்து சொன்னது:

வந்தவர்களை உட்கார வைத்துச் செ. காப்பி கொடுத்திருக்கிறான். "நாலு மணி வரைக்கும் பொறுங்க. எங்கூர்ல இருந்து ஆளு வாராங்களான்னு பாத்துக்கறேன்" என்றானாம். அக்கா வாசல் தெளித்துக் கோலம் போட்டாளாம். மோகனூருக்கு இல்லை, நமக்கு.

எனக்கு மூன்று முறை போன் அடித்தான். போன் சார்ஜில் இருந்தது. சார்ஜில் இருந்தாலும் எடுக்கலாம். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

நாலரைக்குத் தட்டை வாங்கிக்கொண்டான்.

சரோஜா இராத்திரிச் சோற்றுக்கு ஊறுகாய் வைக்க மறந்துவிட்டாள். நானும் கேட்கவில்லை.

மார்கழி 1, செவ்வாய்

பனி. தெருவில் பூசணிப்பூ.

பொன்னுசாமி வீட்டுக்கு நடந்தே போனேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். நான் சொன்னது பொய், முட்டிக்கு ஒன்றுமில்லை. எண்ணினால் ஐந்தாறு சொல்தான். அவர் முன்னால் போய் நின்றதும் வாய் சொன்னது:

"டாக்டரு தப்பாப் பாத்துட்டாருங்க. வேற ஆளோட எக்ஸ்ரே படமாமா."

இல்லாத டாக்டர் தலையில் இன்னொன்றும் ஏற்றிவிட்டு வந்தேன்.

அவர்: "அடடா! மொதல்லயே தெரிஞ்சிருந்தா நானே தட்டத் தூக்கிட்டுப் போயிருப்பனே. இனி மார்கழி பொறந்து போச்சுங்க. வாங்குனது வாங்குனதுதான்."

காப்பி கொடுத்தார். சர்க்கரை வேண்டாம் என்று சொல்ல மறந்து குடித்துவிட்டேன்.

மார்கழி 14, திங்கள்

மணி கடைச் சுவரில் டயர் விளம்பரத்துக்குப் பக்கத்தில் செ. கோப்பை வாங்கும் படம் இருந்தது. இன்று இல்லை. நான்கு மூலையிலும் பசை மட்டும்.

துரை: "பதினோரு வருசம் தூக்கி வெச்சு ஆடுனோம். ஒரு தட்டுக்குப் போயிட்டான் பாரு."

இன்னொருவன்: "முட்டி போனத மறச்சு மோகனூர்க்காரன் தலைல கட்டியிருக்கான். கெட்டிக்காரந்தான்."

நான்: "அவன் போகலீங்க. நாமதான்..."

"நாமதான்?"

எல்லோரும் திரும்பினார்கள். "காத்து எறங்கிருச்சு, அடிச்சு உடு மணி" என்றேன். காற்று சரியாகத்தான் இருந்தது. மணி அழுத்திப் பார்த்துவிட்டு என்னையும் ஒரு மாதிரி பார்த்தான்.

நான் ஆடிய காலத்தில் ஒரே ரெய்டில் ஐந்து பேரைத் தொட்டதாகச் செ. சின்ன வயதில் நம்பிக்கொண்டிருந்தான். அதைக் கேட்டுத்தான் ஆட வந்தான் என்று அக்கா சொல்வாள். நான் இரண்டு வருடமும் வெளியே உட்கார்ந்து ஆட்களின் செருப்பைப் பார்த்துக்கொண்டவன். இது எங்கும் எழுதியதில்லை. இங்கே இருக்கட்டும்.

தை 3, சனி

காணும் பொங்கல். ஜேடர்பாளையத்தில் போட்டி. அணையைப் பார்க்க வந்த கூட்டமும் சேர்ந்து காலை வைக்க இடமில்லை. எண்ணவில்லை.

இரண்டாவது சுற்றில் மோகனூரும் நாமும். விக்கி முதல் ரெய்டிலேயே போனஸ் எடுத்தான். நம் பக்கம் விசில். அடுத்த ரெய்டில் இடது பக்கம் காலை நீட்டினான். செல்வராஜ் கணுக்காலைப் பிடித்தான். நாய் கவ்வின எலும்பு மாதிரி. விக்கி நடுக்கோட்டைப் பார்த்துக்கொண்டே படுத்துவிட்டான்.

"அப்பிடிப் போடு சாமி!"

கத்தியது நான்தான். நம் கூட்டத்தின் நடுவில் நின்றுகொண்டு. துரை திரும்பிப் பார்த்தான். அதன் பிறகு வாயைத் துண்டால் மூடிக்கொண்டேன். செ. விக்கியை இன்னும் மூன்று தரம் அதே மாதிரி பிடித்தான். நம் நெட்டையன் ஒருவனையும் பிடிக்கவில்லை. தோற்றோம்.

கரும்பு ஜூஸ் வண்டிப் பக்கம் ஒதுங்கி நின்றேன். செ. பார்த்துவிட்டு வந்தான். கையில் துணிப்பை. உள்ளே நம் அணி ஜெர்ஸி, நாலாம் நம்பர். துவைத்து இஸ்திரி போட்டிருந்தது.

"இது கிளப்போடது மாமா. நீங்களே குடுத்துருங்க."

"மாப்ள..."

"அந்த டாக்டரு இன்னும் அதே ஆஸ்பத்திரிலதான் இருக்காருங்களா? ஒருக்காப் போய் முட்டியக் காட்டிட்டு வரலாமுன்னு."

கிண்டல் குரல் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"டாக்டரே இல்ல சாமி. நான்தான் சொன்னேன். துரைய மடக்கறதுக்கு."

"தெரியுமுங்க மாமா" என்றான். "கமிட்டி முடிஞ்ச அன்னிக்கே தெரியும். இருந்தாலும் நாலரை வரைக்கும் பாத்தனுங்க."

மோகனூர் ஆட்கள் கூப்பிட்டார்கள். எனக்கு ஒரு ஜூஸ் சொல்லிவிட்டு ஓடினான். நன்றாக ஓடினான்.

தை 4, ஞாயிறு

பத்து மணி. பஞ்சர் கடை. எட்டுப் பேர். எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன், எட்டு.

நின்றுகொண்டே சொன்னேன். டாக்டர் இல்லை, ஆப்பரேசன் இல்லை, ஸ்க்ரூ இல்லை, எல்லாம் என் வாய், அவனாகப் போகவில்லை, நான் போக வைத்தேன். ஒன்றையும் கூட்டவில்லை. குறைக்கவும் இல்லை.

 துரை சிரித்தான்.

"அக்கா பையன்னு பூசி மெழுகறீங்களாக்கும்? உங்க கதையில இதுதானுங்க டாப்பு."

"காளியம்மன் சத்தியமா."

"நல்ல பாம்பு புடிச்சன்னிக்கும் இதே சத்தியந்தானுங்க பண்ணுனீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மணி ட்யூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலே சொன்னான்:

"இருந்தாலும் மூணு ஸ்க்ரூவோட நேத்து அந்த ஆட்டம் ஆடுனானே, அதச் சொல்லுங்க. அவன் மனுசனே இல்லீங்க."

ஆமாம் ஆமாம் என்றார்கள். நாலரை வரைக்கும் பார்த்தான் என்று சொன்னேன். அதற்குள் பேச்சு விக்கியை விடுவதா வைத்துக்கொள்வதா என்று போய்விட்டது.

வீட்டுக்கு வந்தேன். ஜெர்ஸி கட்டில் மேல். சரோஜா சாக்குப்பையை எடுத்துக்கொண்டு வந்தாள். அதில் போடாதே என்றேன். தட்டும் வெற்றிலை பாக்கும் இருக்கிறதா என்று கேட்டேன்.