அந்தோனியாரிடம் கேட்ட தொட்டில்

சேசு மரி சூசை துணை

எல்கடுவ,
1936 செப்டெம்பர் 27

கண்டி மடத்துப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் என் மகள் செசீலியாவுக்கு, தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்துப் போத்தல்களோடு காலம் தள்ளும் உன் அப்பா கிறிஸ்தோபர் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நான் சுகம். அம்மாவின் சுகத்தைப் பிறகு சொல்கிறேன். பயப்படாதே, கெட்ட செய்தி இல்லை.

மூன்று மாதமாக நான் பதில் போடவில்லை. நீ என்னை மடக்கிவிட்ட கோபம்தான். உயிர்த்த ஞாயிறு முடிந்ததும், கன்னியாஸ்திரியாகப் போகிறேன், தகப்பன் கையெழுத்து வேண்டும் என்று எழுதினாய். நான் மிஷன் பள்ளிக்கூட மாஸ்டரிடம் வேதப்புத்தகத்தை இரவல் வாங்கினேன். ஆண்டவர் மனுஷருக்கு முதன்முதல் சொன்னதே பலுகிப் பெருகுங்கள் என்பதுதான், ஒற்றை மகளான நீ அதை மீறலாமா என்று நாலு பக்கம் எழுதினேன். நீ அர்ச். சின்னப்பரை, மாஸ்டரின் புத்தகம் பவுல் என்று சொல்லும் அவரை, துணைக்குக் கூட்டி வந்தாய். கட்டாதவள் ஆண்டவர் காரியத்தையே நினைப்பாள், கட்டியவளுக்குப் புருஷன் கவலைதான் என்று அவர் சொன்னதைக் காட்டினாய். அதோடு விட்டாயா? பெருகச் சொன்னது மகளிடம் மட்டுமா, அப்பாவுக்கு அதில் வயது விலக்கு ஏதும் உண்டா என்று கேட்டாய். வாயாடி! அம்மா அதை வாசித்துவிட்டு அடுப்படிக்குள் போய்ச் சிரித்தாள்.

சுவாமியாரிடம் முறையிடப் போனேன். அவர் என்னையே பிடித்துக்கொண்டார். வேறு சபைப் புத்தகத்தை இரவல் வாங்கிச் சொந்த மகளோடு வழக்காடுவதா என்று திட்டினார். கன்னி வேதசாட்சியின் பெயரை மகளுக்கு நீங்கள்தானே வைத்தீர்கள், இப்போது ஏன் கத்துகிறீர்கள் என்றும் கேட்டார்.

மாத்தளைக்குப் போனபோது ஜவுளிக்கடை இராமையாவிடம் சொன்னேன். பிள்ளை இல்லாவிட்டால் கரையேற முடியாது என்று அவர்கள் சாத்திரம் சொல்லுமே, என் பக்கம்தான் பேசுவார் என்று நம்பினேன். அவரோ, "எங்க சாமி வீட்டுலயே அண்ணன் கட்டாம இருக்காரு, தம்பி ரெண்டு கட்டியிருக்காரு. பெத்தவங்க ரெண்டு பேரையும் வச்சிக்கிட்டுத்தானே இருக்காங்க?" என்று சொல்லித் தேநீரை நீட்டினார். பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

கடைசியாக ஜூன் மாதம் வஹகோட்டை அந்தோனியார் கோவில் திருநாளுக்குப் போனேன். பாதி வழி நடைதான். அந்தோனியார் முன்னால் மெழுகுதிரி கொளுத்தி, என் வீட்டில் ஒரு தொட்டில் ஆடவேண்டும் சாமி என்று மன்றாடினேன். உன் மனம் மாறும், கல்யாணம் நடக்கும், பேரப்பிள்ளை வரும் என்று நினைத்துத்தான் கேட்டேன்.

ஓகஸ்ட் மாதம் அம்மாவுக்கு வாந்தி. சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பினாள். வாயு என்று தீர்மானித்து, ஒரு மாதம் பெப்பர்மின்ட் மிக்ஸ்சர் கலக்கிக் கொடுத்தேன். பத்தொன்பது வருஷமாகத் தோட்டத்துக்கே மருந்து கொடுப்பவன் நான்! போன கிழமை மருத்துவச்சி சுந்தரம்மா வந்து பார்த்தாள். "ஐயா, இது உங்க போத்தலுக்கு அடங்குற வாயு இல்லீங்க. பங்குனியில அழுதுக்கிட்டு வெளிய வரும்" என்றாள்.

வேதத்தில், வயதான காலத்தில் பிள்ளை வரும் என்று கேட்டு ஊமையாகிப்போன எலிசபெத்தம்மாளின் புருஷனைப் போல ஆகிவிட்டேன். தொட்டில் கேட்டேனே தவிர, யாருடைய பிள்ளைக்கு என்று அந்தோனியாரிடம் சொல்லவில்லையே! கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் என்னைக் கண்டால் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். வெட்கமாகத்தான் இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது, உன்னிடம் என்ன ஒளிப்பது? அம்மாவுக்கு நாற்பத்தொன்று ஆகிறது. உள்ளே பயம் இருக்கிறது, எனக்குத் தெரியாமல் செபமாலையை உருட்டுகிறாள். நீயும் அவளுக்காக வேண்டிக்கொள்.

நீ கேட்ட கையெழுத்தைப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். ஒன்று வருகிறதே என்று இன்னொன்றை விட்டுக்கொடுக்கிறேன் என்று மட்டும் நினைத்துவிடாதே. பத்துப் பிள்ளை பெற்றாலும் உன் இடத்தில் வைக்க எனக்கு ஒன்றும் இல்லை. இரவல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்குமுன் சின்னப்பர் எழுதிய அந்த அதிகாரத்தை முழுதாக வாசித்தேன். ஆண்டவர் ஒருவருக்கு ஒரு வரமும் மற்றவருக்கு வேறு வரமும் கொடுத்திருக்கிறார் என்று அதிலேயே இருக்கிறது. நீ அதை விட்டுவிட்டாய், நான் பார்க்கவே இல்லை. இரண்டு பேரும் அரைகுறை வக்கீல்கள்தான்.

இனி ஒரே ஒரு காரியம். டிசம்பர் எட்டாம் திகதி மடத்து உடுப்பு வாங்கிக் கன்னியாஸ்திரியாகப்போவதாக எழுதியிருந்தாய். பிள்ளையோ பங்குனியில். உடுப்பு வாங்கிவிட்டால் அதன் ஞானஸ்நானத்தில் நீ ஞானத்தாயாக நிற்க இலேசில் உத்தரவு கிடைக்காது என்கிறார் சுவாமியார். மடத்துப் பெரிய தாயாரிடம் கேட்டு, உடுப்பை உயிர்த்த ஞாயிறு கழியும்வரை தள்ளிப்போட முடியுமா? முடியாது என்றாலும் போட்ட கையெழுத்து போட்டதுதான், திரும்பக் கேட்கமாட்டேன்.

ஆனால் ஞானஸ்நானத் தொட்டியருகே பிள்ளையை ஏந்தி நிற்பது பெற்றவள் இல்லையாம், ஞானத்தாய்தானாம். ஒரே ஒருமுறை வந்து ஏந்திக்கொள், மகளே. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு எந்த வேதப்புத்தகத்தையும் இரவல் கேட்கமாட்டேன்.

அந்தோனியார் உன்னைக் காப்பாராக. அவரிடம் எதைக் கேட்டாலும் விவரமாகக் கேள்.

நீ எந்த உடுப்பில் வந்தாலும் கதவைத் திறக்கும்
அப்பா
கிறிஸ்தோபர்