காறை எலும்புக்குக் கீழே ஒரு பெட்டி

அக்கா,

இன்று காலை தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது, பூக்கடை வாசலில் ஒரு குழந்தையைப் பார்த்தேன். புது மொட்டை, தலை முழுக்கச் சந்தனம். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையில் முருங்கைக்காயோடு தனியாக நின்று சிரிப்பவளைப் பார்த்துப் பூக்காரர் என்ன நினைத்தாரோ! உன் மொட்டைதான் ஞாபகத்துக்கு வந்தது.

உனக்கு வந்தது நோய் என்று புரிந்துகொள்ளவே நமக்கு எத்தனை வருஷம் ஆயிற்று! "என் மூத்தவ வீட்டையே கோயில் மாதிரி வெச்சிருப்பா" என்று அம்மா பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமை பேசுவார். சாமி விளக்கைத் தொடுவதற்கு முன் நீ கை கழுவிக் கழுவித் தோல் உரிந்ததை நாங்கள் பக்தி என்றே எண்ணினோம். என் மகள் "பெரியம்மா" என்று ஓடி வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்வாய். உன் கையிலிருக்கும் அழுக்கு ஒட்டினால் அவள் செத்துப்போவாள் என்று நம்பினாய். அவள் பிறந்ததிலிருந்து ஒருமுறைகூட நீ அவளைத் தூக்கியதில்லை.

மாத்திரை, ஆலோசனை எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியாகத்தான் மூளைக்குள் மெல்லிய கம்பிகளைச் செலுத்தி, கழுத்தடிக் காறை எலும்புக்குக் கீழே சிறிய பேட்டரிப் பெட்டியைப் பதித்து, ஓயாமல் மின்சாரம் கொடுக்கும் சிகிச்சையைப் பற்றி மருத்துவர் சொன்னார். குணமாகும் என்று அவர் உறுதி தரவில்லை. "எனக்கு என் தங்கச்சி பிள்ளையத் தூக்கணும், டாக்டர்" என்று மட்டும் நீ சொன்னாய்.

தலையை மழித்தார்கள். மூளையில் ஆபரேஷன் என்றால் நாலு பேர் என்ன பேசுவார்கள்? "பழனிக்கு நேந்துக்கிட்டா, முடி கொடுத்துட்டா" என்று அம்மா புளுகிவிட்டார். வந்தது வினை! பாசிர் ரிஸ்ஸில் இருக்கும் சித்தி கிண்ணம் நிறையச் சந்தனத்தோடு வந்து நின்றார். தையல்கூடப் பிரிக்கவில்லை. உன் தலைத்துணியை அவர் அவிழ்க்கப் போக, நீ தடுத்தாய்.

"சித்தி, வேண்டுதல் இல்லை லா, சர்ஜரி. மூளையில ஒயர் வெச்சிருக்காங்க. தொட்டீங்க, ஷாக் அடிக்கும்!"

சித்தி கிண்ணத்தோடு பின்வாங்கினார். அம்மாவுக்கு மானம் போயிற்று. எனக்கோ, எத்தனையோ காலத்துக்குப் பிறகு நீ கேலி பேசியதைக் கேட்க அவ்வளவு சந்தோஷம்.

பெட்டியை இயக்கியதும் எல்லாம் மாறிவிடவில்லை. மின்சாரத்தைக் கூட்டினார்கள், குறைத்தார்கள். ஒருமுறை கூட்டியதில் காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டே இருந்தாய். நான் பயந்துபோய்க் குறைக்கச் சொன்னேன். கிளமெண்டி வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் நீ மெதுவாகக் கேட்டாய்: "சிரிச்சது நானா, கரண்டாடி?"

பிறகு வந்த தீபாவளியன்று, என் மகள் தான் கடித்த முறுக்கை உன் முன் நீட்டினாள். நீ உன் கைகளைப் பார்த்தாய். குனிந்து அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்த எச்சில் முறுக்கைக் கடித்தாய். அம்மா அடுப்படிக்குள் போய் அழுதார். "பயம் போகலடி. முன்னாடி கத்தும், இப்ப சும்மா முணுமுணுக்குது" என்று என்னிடம் சொன்னாய்.

போன வருஷம் திடீரென்று உன் இதயம் நின்றுபோனது. ஈமச்சடங்குக்கு ஏற்பாடு செய்தவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "உடம்புல பேட்டரி ஏதும் இருக்காம்மா? இருந்தா எடுத்துடணும். நெருப்புல வெடிச்சிடும்."

எடுத்து முடிக்கும்வரை வெளியே நின்று தேம்பித் தேம்பி அழுதேன். செத்தவளுக்கு இனி என்ன பயம் என்று அறிவுக்குத் தெரிகிறது, மனம் கேட்டால்தானே! பெட்டி இல்லாமல் நீ பழையபடி பயந்து நடுங்குவாயோ என்று அடித்துக்கொண்டது. கதவு திறந்ததும் ஓடிப்போய் உன் கையைப் பிடித்தேன்.

நீ உருவிக்கொள்ளவில்லை, அக்கா. அது போதும் என்று இன்னமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.