மிளகு வந்த பிறகு

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வெட்கத்தை விட்டு எழுதிவிடுகிறேன், யார் படிக்கப்போகிறார்கள். துப்பாக்கியை நிறம் பார்த்து வாங்கினேன்.

ஹாய்ட் தன் துப்பாக்கிக் கடையில் ஐந்தாறு ரிவால்வர்களை வரிசையாக வைத்து, எது கைக்கு அமையும், எதன் விசை சுலபமாக இழுக்க வரும் என்று தொண்டை வற்றப் பேசினான். நானும் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். ஓரத்தில் கத்திரிப்பூ நிறத்தில் ஒன்று கிடந்தது. என் உதட்டுச் சாயமும் அதே நிறம். முடிந்தது கதை.

உள்ளங்கை நீளம்தான். ஐந்து தோட்டா. எடையே இல்லை. மிளகு என்று பேர் வைத்திருக்கிறேன்.

விளையாட்டுக்கு வாங்கவில்லை. மலைமேல் இருக்கிற வாடகைக் குடில்களை நானும் ட்வைலாவும்தான் வருஷக்கணக்காகக் கழுவித் துடைக்கிறோம். போன மாதம் அவளுக்குக் காய்ச்சல் என்று தனியாகப் போனேன். பூட்டின குடிலுக்குள், குளியல் தொட்டியில், எவனோ ஒருவன் பூட்ஸோடு தூங்கிக்கொண்டிருந்தான். அவன் அலறினான். நான் அவனைவிட நன்றாக அலறினேன். மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போனான், பாவம். ஆனால் அன்றைக்கு என் கையில் இருந்தது கழிப்பறை பிரஷ்.

ஆகஸ்ட் 14

கைப்பையில் வைத்துக்கொண்டேன். சீப்பு, சாவி, பெப்பர்மின்ட், மிளகு. எல்லாம் ஒரே குடும்பம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

போச்சு.

மலை ஏறும்போது ட்வைலா வழக்கம்போலக் கேட்காமலே என் பைக்குள் கையை விட்டாள், மிட்டாய்க்கு. வெளியே வந்தது மிளகு. செத்த எலியைத் தூக்குகிற மாதிரி இரண்டு விரலில் பிடித்திருந்தாள். அதில் ஒரு மிட்டாய்த் தாள் வேறு ஒட்டியிருந்தது.

"வண்டிய நிறுத்து."

மிட்டாய் அடியில் கிடக்கிறது, இன்னும் கொஞ்சம் துழாவு என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"ஓலீட்டா. நிறுத்துடி வண்டிய."

வாளியோடு இறங்கிவிட்டாள். அவள் நாத்தனார் வீட்டில் இப்படித்தான் பைக்குள் இருந்த துப்பாக்கி விசையில் சாவியோ என்னவோ மாட்டி, வெடித்து, ஃபிரிட்ஜில் ஓட்டை விழுந்தது. அந்த ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள் ட்வைலாதான். எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைச் சாவியோடு போட்டு வைத்தேனே — மண்டையில் என்ன இருக்கிறது எனக்கு?

"அத வெச்சுக்கத் தெரியாம வெச்சிருக்கிற வரைக்கும் ஒன் வண்டில ஏற மாட்டேன். ஒங்கூடப் பாடவும் மாட்டேன்."

பாட்டு என்றால், செப்டம்பர் கடைசி ஞாயிறு. வெளியூர் போனவர்களெல்லாம் எங்கள் சர்ச்சுக்குத் திரும்பி வருகிற நாள். அன்றைக்கு நாங்கள் ஜோடியாகப் பாடாத வருஷம் கிடையாது.

துணைக்கு வாங்கினது, இருந்த துணையை இறக்கிவிட்டது.

ஆகஸ்ட் 16

ஹாய்ட் கடைக்குப் பின்னால் சுடுகிற இடம் இருக்கிறது. அங்கே போனேன். என் முன்னால் ஒரு பேப்பர் தட்டைத் தொங்கவிட்டான், சர்ச் விருந்தில் மிஞ்சுகிற அதே தட்டு. ஐந்தும் சுட்டேன். தட்டு அப்படியே, சாப்பாடு போடுகிற மாதிரி இருந்தது. பக்கத்து ஆளின் தட்டில் இரண்டு ஓட்டை புதிதாக.

"அவரு ஒனக்கு என்னம்மா பண்ணாரு?" என்றான் ஹாய்ட்.

உள்ளங்கை பணியாரம் மாதிரி வீங்கிவிட்டது. சின்னதுதானே, சாதுவாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். கனமே இல்லாததுதான் ரொம்ப உதைக்குமாம். இதையெல்லாம் அன்றைக்கே ஒரு மணி நேரம் சொன்னானாம். நான் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேனாம்.

ஆகஸ்ட் 19

தனியாக மூன்று குடில். படுக்கை விரிப்பை மடிக்க மறுமுனையில் ஆளில்லை. கதவுக் கைப்பிடியில் மாட்டி மடித்தேன்.

ஆகஸ்ட் 24

ஹாய்ட் கொடுத்த வீட்டுப்பாடம். எட்டாவதோடு விட்டவளுக்கு இந்த வயசில் வீட்டுப்பாடம். நிஜத் தோட்டாக்களை வேறு அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, வெடிக்காத டம்மித் தோட்டா போட்டு, சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். குழல்மேல் ஒரு நாணயம். அது விழாமல் விசையை இழுக்க வேண்டும். ஜாடி மூடியைத் திறக்கிற அளவு பலம் வேண்டியிருக்கிறது, தூங்குகிற குழந்தையைத் தொடுகிற பதத்தில்.

விழுந்தது. விழுந்ததை டீக்கன் முழுங்கிவிட்டது. டீக்கன் என் நாய். வாய்க்கு எட்டினது எதுவும் அதற்கு ஆகாரம்தான்.

ஆகஸ்ட் 26

நாணயம் கிடைத்தது. கழுவிவிட்டேன்.

செப்டம்பர் 3

ஜீன்ஸில் முன்பையைப் பெரிதாக்கித் தைத்தேன். மிளகுக்கு உறை, உறைக்கு அந்தப் பை. அதில் வேறு எதுவும் போகக்கூடாது, ஒரு மிட்டாய்கூட. போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். சோளமாவு அடித்தட்டில் இருந்தது. குனிந்தால் புடைப்பு தெரியுமோ என்று மகாராணி மாதிரி முதுகு வளையாமல் உட்கார்ந்து எழுந்தேன். எல்லோரும் என்னையே பார்க்கிற மாதிரி ஒரு கூச்சம்.

நிஜமாகவே பார்த்தார்கள். ஜிப் போடவில்லை.

செப்டம்பர் 10

தட்டில் மூன்று. பக்கத்து ஆள் இப்போதெல்லாம் தள்ளி நிற்பதில்லை.

ட்வைலாவை சர்ச்சில் பார்த்தேன். பாட்டுக்கு வேறு யாரையாவது பார்த்துக்கொள் என்றாள். நான் பார்க்கவில்லை. அவளும் வேறு யாரோடும் குடில் வேலைக்குப் போகவில்லை, அதையும் விசாரித்து வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 17, புதன்

ஐந்தும் தட்டில்!

ஹாய்ட் உள்ளே போய் ட்வைலாவுக்குப் போன் போட்டான். கிழவனுக்கு இவ்வளவு மனசு இருக்குமென்று தெரியாது.

செப்டம்பர் 19

ட்வைலா வந்தாள். காதை இறுக்கப் பொத்திக்கொண்டு என் பின்னால் நின்றாள். மறுபடி ஐந்து. அந்தத் தட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை ஓட்டையாகப் பார்த்தாள். கைப்பையைக் காட்டு என்றாள். சீப்பும் சாவியும் மிட்டாயும்தான் இருந்தன. ஒரு மிட்டாயை எடுத்துக்கொண்டாள். ஆனாலும் முகம் இளகவில்லை.

"சரி. நான் ஒன் வீட்ல காபி குடிக்கிறப்போ இது எங்க இருக்கும்?"

ரொட்டி டப்பாவில் என்று சொல்ல வாய் வரவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

ஹாய்ட் கடையில் இரும்புப் பெட்டி வாங்கி அலமாரிக்குள் திருகி இறுக்கினேன். எண் பொத்தான்களை அழுத்தினால் திறக்கும். கூடவே இரண்டு சாவி. ஒன்றை ட்வைலாவிடம் கொடுத்தேன், ஒன் சனியன நீயே வெச்சுக்க என்று திருப்பித் தந்துவிட்டாள். சாவி கீழே கிடந்தால் டீக்கனுக்குப் பலகாரம். ரொம்ப யோசித்து, வீட்டிலேயே பத்திரமான இடம் எதுவோ அங்கே வைத்துவிட்டேன்.

ட்வைலா பெட்டியைச் சோதித்தாள். திருப்புளியால் நெம்பினாள், பூரிக்கட்டையால் அடித்தாள், கொஞ்சம் திட்டியும் பார்த்தாள். அசையவில்லை. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக் காபி கேட்டாள். சர்க்கரை போதாது என்றாள்.

அதைக் கேட்டதும் எனக்கு ஏன் கண் கலங்கியது என்று தெரியவில்லை. வெங்காயம் உரித்தேன் என்று சொன்னேன். வீட்டில் வெங்காயமே இல்லை.

செப்டம்பர் 23

இரண்டு பேராக நாலு குடில். வண்டியில் போகும்போது பாடிப் பார்த்தோம். அவள் சுருதி இறங்குகிறது. சொன்னேன். அடித்தாள்.

செப்டம்பர் 27, சனி

நாளைக்குப் பாட்டு. கழற்றி வைத்திருந்த என் மேல்வரிசைப் பொய்ப்பல் செட்டை டீக்கன் கவ்விக்கொண்டு ஓடியது. சோபாவுக்கு அடியில் கையை விட்டுப் பிடுங்கினேன். நல்லவேளை, உடையவில்லை. கழுவி, மிளகு பக்கத்திலேயே பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். இனி நிம்மதி.

செப்டம்பர் 28, ஞாயிறு

காலையில் பெட்டி திறக்கவில்லை. பாட்டரி தீர்ந்திருக்கிறது. பாட்டரி மாற்றும் இடம் பெட்டிக்கு உள்ளே. சாவி இரண்டும் உள்ளே. பல் உள்ளே. ஹாய்ட் மீன் பிடிக்கப் போயிருக்கிறான்.

ட்வைலா வந்து, பெட்டியை ஒரு முறை இழுத்துப் பார்த்தாள். "நல்ல பெட்டிதான்" என்றாள்.

சர்ச் நிறையக் கூட்டம். பாடினோம், மூன்று சரணமும், நான் மேல்பல் இல்லாத வாயோடு. முதல் வரிசைக்காரர்கள் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.