முப்பத்து மூன்றாம் எண் சட்டை

செப்டம்பர் 9, 1997, செவ்வாய்

பதினெட்டு புட்டி தக்காளி அடைத்து முடித்தேன். முதுகு ஒடிந்துவிட்டது.

மாலையில் தீயணைப்பு நிலையக் கூடத்தில் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்துச் சங்கக் கூட்டம். பள்ளி மைதானத்தில் புதுப் பார்வையாளர் மேடை எழும்பிவிட்டது. முப்பத்து மூன்றாம் எண் சட்டையை இனி எந்த ஆட்டக்காரனுக்கும் தருவதில்லை என்று போன வருடமே முடிவு செய்தாயிற்று. அதைக் கண்ணாடிக்குள் வைத்து, கீழே ஒரு பெயரைப் பொறிக்க வேண்டும். யார் பெயர் என்பதுதான் சண்டை. அந்தச் சட்டையைப் போட்டவர்களில் சொல்லத் தகுந்தவர்கள் இருவர். ஒருவன் என் தம்பி ஃபிராங்க் சாப்கோ. இன்னொருவர் லெனர்ட் டிப்ஸ், இப்போது பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார்.

ஐந்து பேர் ஓட்டுப் போட வேண்டும். கறிக்கடை ஸ்டான்தான் தலைவர். அவரும் பழைய பயிற்சியாளரும் ஃபிராங்க் பக்கம். மருந்துக்கடைக்காரரும் நூலகப் பெண்மணியும் லெனர்ட் பக்கம். மிச்சம் நான். முப்பது வருடமாக டிக்கெட் கிழிக்கிறவள்.

சொந்தத் தம்பி விஷயம், நான் ஒதுங்கிக்கொள்கிறேன் என்றேன். ஸ்டான் சிரித்தார். "ஒதுங்குறதாவது! உன் ஓட்டு எங்கன்னு ஊருக்கே தெரியும் டாலி. அக்டோபர் ஏழு, வந்து கையைத் தூக்கு, போதும்."

செப்டம்பர் 14, ஞாயிறு

தேவாலயத்தில் பூசைக்குப் பிறகு ஃபிராங்கும் அவன் மனைவி கோனியும் சாப்பிட வந்தார்கள். கோனியின் கீழுதடு வீங்கியிருந்தது.

"அலமாரிக் கதவு," என்றான் ஃபிராங்க், நான் கேட்பதற்கு முன்பே. "பாத்து நடக்க மாட்டேங்கிறா. இல்ல கோனி?"

"ஆமா."

அப்புறம் தன் பெயரை எந்த எழுத்தில் பொறிக்கப்போகிறார்கள் என்று கேட்டான். எஃகு உலை மூடி வேலை போனதிலிருந்து இவ்வளவு சந்தோஷமாக அவனைப் பார்த்ததில்லை. எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அதை எழுதத்தான் வேண்டும்.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஸ்டான் வீட்டில் பழைய படச்சுருளைப் போட்டார்கள். 1969, கார்வர் ஊருக்கு எதிரான ஆட்டம். இந்த ஊரில் ஃபிராங்கின் அந்த மோதலைப் பற்றிப் பேசாத மதுக்கடை கிடையாது. நானும் அன்று மேடையில் இருந்தேன். தொண்டை கிழியக் கத்தினேன்.

இன்றுதான் அதை ஒழுங்காகப் பார்த்தேன். கார்வர் பையன் பந்தோடு ஏற்கெனவே தரையில் கிடக்கிறான். நடுவர் ஊதிவிட்டார், ஊதல் அவர் வாயிலிருந்து இறங்கிவிட்டது. அதற்கப்புறம்தான் ஃபிராங்க் ஓடி வருகிறான். எட்டு காலடி வைத்து ஓடி வருகிறான். குனிந்து, தலைக்கவசத்தை அந்தப் பையனின் இடுப்பில் இறக்குகிறான். பையனின் கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்புகிறது.

"அப்படிப் போடு!" என்று ஸ்டான் தொடையில் தட்டினார். சுருளைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டார். பையன் எழுந்து நிற்கிறான், விழுகிறான். மறுபடி. நாலு தடவை.

அந்தப் பையன் இன்றும் கைத்தடியோடுதான் நடக்கிறானாம்.

செப்டம்பர் 17

எட்டு காலடி. எண்ணிவிட்டேன், இனி மறக்காது.

செப்டம்பர் 23, செவ்வாய்

பேருந்துக் கொட்டகையில் லெனர்டைப் பார்த்தேன். டயரில் காற்று பார்த்துக்கொண்டிருந்தார். உங்களுக்கு அந்தச் சட்டை வேண்டுமா என்று நேராகவே கேட்டேன்.

"வேணும்னு யார்கிட்டயும் போய் நிக்க மாட்டேன். குடுத்தா வேண்டாம்னும் சொல்ல மாட்டேன்."

எழுபத்தைந்தில் உங்கள் விலா எலும்பு உடைந்தது எந்த ஆட்டத்தில் என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஆட்டத்துல இல்லம்மா. பயிற்சியில. நம்ம பசங்களேதான். ஒரு கறுப்பன் முப்பத்து மூணு போடுறதான்னு வரிசையா நின்னு ஒவ்வொருத்தனா வந்து மோதினாங்க. உங்க தம்பி அப்போ உதவிப் பயிற்சியாளர். ஊதல் அவர் கையிலதான் இருந்துச்சு."

"ஊதி நிறுத்தலையா?"

"ஊதினாரே. அடுத்தவன் வாடான்னு ஊதினார்."

மூன்று நாள் கழித்து லெனர்ட் விலாவில் பட்டை கட்டிக்கொண்டு ஆடினார். அந்த ஒரே ஆட்டத்தில் பந்தோடு இருநூற்றுப் பன்னிரண்டு கெஜம் ஓடினார். பள்ளியில் இன்றுவரை அதுதான் அதிகம். இது எனக்குத் தெரியும். பட்டையைப் பற்றித்தான் தெரியாது. தெரியாதா? அல்லது கேட்கவில்லையா?

செப்டம்பர் 27, சனி

நேற்று ஆட்டம் தொடங்குமுன் வண்டி நிறுத்துமிடத்தில் ஃபிராங்க் மட்டையோடு போய் லெனர்டின் பேருந்துக் கண்ணாடி ஒவ்வொன்றையும் உடைத்திருக்கிறான். லெனர்ட் ஓட்டுநர் இருக்கையில்தான் இருந்தார். "இறங்கி வாடா, இறங்கி வந்து வாங்கிக்கோ சட்டையை!" என்று கத்தியிருக்கிறான். லெனர்ட் இறங்கவில்லை. கண்ணாடித் தூள் அவர் முடியிலும் மடியிலும். இருபது பேர் நின்றார்கள். போலீஸ் வந்து கேட்டபோது ஒருவரும் பார்க்கவில்லையாம்.

டிக்கெட் ஜன்னலிலிருந்து நான் பார்த்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. நானும் போய்ச் சொல்லவில்லை.

அக்டோபர் 2, வியாழன்

கோனி மருத்துவமனையில். தாடை இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. பற்களைக் கம்பியால் சேர்த்துக் கட்டிவிட்டார்கள், ஆறு வாரத்துக்கு. பல்லிடுக்கு வழியாகத்தான் பேசுகிறாள். லெனர்ட் பற்றி இரவு உணவில் ஒரு வார்த்தை சொன்னாளாம்: "அவரும் நல்லாத்தான் ஆடினார்." அவ்வளவுதான்.

டாக்டரிடம் நடந்ததைச் சொல் என்றேன். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை—

"எண்பத்தஞ்சுல என் கை உடைஞ்சப்போ நீதானே டாலி சொன்னே. இவ படியில விழுந்துட்டான்னு. என்னைப் பேசவே விடல. நீயே முந்திக்கிட்டு சொன்னே."

ஆமாம். நான்தான் சொன்னேன். அன்றைக்கு ஃபிராங்குக்கு உலையில் மேற்பார்வையாளர் வேலை கிடைக்க இருந்தது.

அக்டோபர் 4, சனி

கோனியை என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். ஃபிராங்க் வாசலில் வந்து நின்றான். உள்ளே விடவில்லை. அழுதான். சின்ன வயதில் அப்பாவின் வார் அடிக்குப் பிறகு அழுவானே, அதே மாதிரி மூக்கால். "செவ்வாய்க்கிழமை மட்டும் என்னைக் கைவிட்டுடாதே," என்றான். கோனி எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

கூடம் நிறைந்திருந்தது. ஃபிராங்க் முதல் வரிசையில், கழுத்தில் டை கட்டிக்கொண்டு. லெனர்ட் வரவில்லை.

ஃபிராங்குக்கு ஆதரவாக? ஸ்டான் கை தூக்கினார், பயிற்சியாளர் தூக்கினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கை மடியில் கிடந்தது. ஸ்டான் காத்திருந்தார். "டாலி, தூங்கிட்டியா?" கூடத்தில் சிரிப்பு.

லெனர்டுக்கு? தூக்கினேன்.

இரண்டுக்கு மூன்று. யாரோ என் மேல் காப்பியை வீசினார்கள். சூடு ஆறியிருந்தது. "சொந்த ரத்தத்துக்கேவா?" என்றார் ஸ்டான், மெதுவாக. ஃபிராங்க் எழுந்தான். நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளிவிட்டுப் போனான்.

லெனர்டுக்காகத் தூக்கினேனா, ஃபிராங்குக்கு எதிராகத் தூக்கினேனா? இருநூற்றுப் பன்னிரண்டு கெஜம். அது போதாதா? அது மட்டுமே போதுமே.

அக்டோபர் 13, திங்கள்

இடது கையால் எழுதுகிறேன். கோணல்.

எட்டாம் தேதி காலை. ஃபிராங்க் பின்கதவு வழியாக வந்தான். சத்தம் போடவில்லை. "எந்தக் கையைத் தூக்கினே?" என்று கேட்டான்.

காட்டினேன். ஏன் காட்டினேன்? அவன் கேட்டான், காட்டினேன்.

மணிக்கட்டைப் பிடித்து மேசை மேல் வைத்தான். அடுப்பிலிருந்த இரும்பு வாணலியை எடுத்தான். மூன்று அடி. இரண்டாவதோடு எனக்கு வலி தெரியவில்லை. எலும்பின் சத்தம்தான் கேட்டது, காய்ந்த குச்சியை மிதித்தாற்போல. முட்டை பொரித்த எண்ணெய் அவன் சட்டையெல்லாம்.

கோனி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அவன் திரும்பிப் பார்க்குமுன் தொலைபேசியை எடுத்துவிட்டாள். கட்டிய பற்களுக்கு நடுவே போலீசிடம் முகவரியைச் சொன்னாள். புரியவில்லை என்றார்கள் போலிருக்கிறது. மறுபடி சொன்னாள். பல்லிடுக்கில் ரத்தம் வர, மூன்றாவது முறையும் சொன்னாள். அவன் வாணலியை ஓங்கிக்கொண்டு அவளை நோக்கிப் போனான். நான் அவன் காலைக் கட்டிக்கொண்டேன். உதைத்தான். விடவில்லை. நாற்பத்தொன்பது வயதில் முதன்முறையாக ஒருவனைத் தரையில் சாய்த்தேன்.

அக்டோபர் 20

ஃபிராங்கைக் கொண்டுபோன போலீஸ் என்னிடம் கேட்டது. எல்லாம் சொன்னேன். வாணலி, கோனி, பேருந்துக் கண்ணாடி, எண்பத்தஞ்சு. எழுதிக்கொண்டவர் பேனாவை இரண்டு முறை மாற்றினார்.

அக்டோபர் 24, வெள்ளி

சட்டை விழா. பாதி மேடை முதுகைக் காட்டித் திரும்பி நின்றது. லெனர்ட் கோட்டு அணிந்து மைதான நடுவில் நின்றார். அறிவிப்பாளர் அவருடைய ஓட்டங்களை வாசிக்கும்போது ஒரு புட்டி பறந்து வந்து அவர் புருவத்தில் பட்டது. ரத்தம் கண்ணில் வழிந்தது. துடைக்கவில்லை. கடைசி எண்வரை வாசித்து முடியட்டும் என்று நின்றார். திரும்பி நின்றவர்களில் சிலர் அப்போது இந்தப் பக்கம் திரும்பினார்கள். எல்லோரும் இல்லை. சிலர்.

போகும்போது லெனர்ட் டிக்கெட் ஜன்னலில் நின்று என் கையிலிருந்த மாவுக்கட்டைப் பார்த்தார். "விலாவை விடக் கை சீக்கிரம் கூடும்," என்றார்.

நவம்பர் 2, ஞாயிறு

மழை. பூசைக்குப் போகவில்லை. கோனி உருளைக்கிழங்கு சூப் வைத்தாள், இருவருக்கும் ஒரே மாதிரி, கரைத்து.

மதியம் தொலைபேசி அடித்தது. மாவட்டச் சிறையிலிருந்து. இயந்திரக் குரல் பேச, நடுவில் விட்ட இடத்தில் அவன் குரல்: "ஃபிராங்க்." பெயர் மட்டும். வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுச் சொல்கிற மாதிரி. அழைப்பை ஏற்கிறீர்களா என்று கேட்டது இயந்திரம்.

கோனி அடுப்பைப் பார்த்து நின்றிருந்தாள். கரண்டி நின்றுவிட்டது.

"இல்ல," என்றேன்.

மறுபடி அடித்தது. பதினொரு தடவை அடித்து ஓய்ந்தது. கோனி இரண்டு கிண்ணம் எடுத்து வைத்தாள். சூடு ஆறுமுன் குடித்தோம்.