காரணம் சொல்லத் தேவையில்லை

மார்ச் 4

ஒரு சொல்லுக்காக அரை நாள் போயிற்று.

மின்சார நிறுவனம் தன் செயலியில் புதிதாக ஒரு பகுதி திறக்கிறது. வீட்டின் மின்பதிவு இனி வீட்டுக்காரர் கையில். எந்த அரைமணியில் எவ்வளவு ஓடியது என்று அவர் பார்க்கலாம். அதை வேறு யார் பார்க்கலாம் என்பதையும் அவரே முடிவு செய்யலாம். திரையில் வரும் வாசகங்களை எழுதுவது என் வேலை. ஐந்து வருடம் இலக்கியம் படித்துவிட்டுப் பொத்தான்களுக்கு வசனம்.

'அனுமதி' என்று இருந்ததைச் 'சம்மதம்' என்று மாற்றினேன்.

"சம்மதமா? என்னம்மா, கல்யாணப் பத்திரிகையா அடிக்கிறோம்?" என்றார் மேலாளர்.

"அனுமதின்னா வாட்ச்மேன்கிட்ட கேக்கற மாதிரி இருக்கு மேடம்."

சிரித்தார். சொல் நின்றது.

இன்னொன்றிலும் ஜெயித்தேன். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறும் இடத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. எடுக்கச் சொன்னேன். கேட்டால் என்ன குறைந்துபோகும் என்றார். "கதவைச் சாத்தறவங்ககிட்ட ஏன் சாத்தறீங்கன்னு கேப்போமா மேடம்?" கட்டம் போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது என் வரி: காரணம் சொல்லத் தேவையில்லை.

தோற்றதும் உண்டு. முழுப் பதிவையும் காட்டாமல் ஒரே ஒரு நாளை மட்டும் காட்டலாம் என்று ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். ஒரு நாளை மட்டும் யார் யாருக்குக் காட்டப்போகிறார்கள்? எடுத்துவிடலாம் என்றேன். வரைபடம் போடுபவன் கேட்கவில்லை. (ஸ்கேல் என்று கூப்பிடுவோம், ஆளும் அந்த உயரம்.) "சோறா போடப்போற அதுக்கு? கெடந்துட்டுப் போகட்டும்" என்றான். அதற்கும் ஒரு வரி எழுதிக் கொடுத்தேன், ஏனோதானோவென்று.

மார்ச் 6

அப்பா தன் வீட்டுப் பதிவைப் பார்க்க எனக்குச் சம்மதம் கொடுத்துவிட்டார். சோதித்துப் பார்க்க ஒரு வீடு வேண்டும் என்று சொல்லி வாங்கினேன். பாதிப் பொய்.

மழைக்காலத்தில் அம்மா போனாள். அந்த வீட்டில் இப்போது அவர் மட்டும். நான் ஒரு பகல் பயண தூரத்தில். போன் செய்தால், "எனக்கென்ன பாப்பா, ராஜா மாதிரி இருக்கேன்." எல்லா நாளும் அதே ராஜா.

மார்ச் 9

காலையில் செயலியில் அப்பா வீட்டுக் கோடு சட்டென்று எழுந்து இறங்கியது. கெட்டில். அப்பா எழுந்துவிட்டார்.

பல் தேய்த்துக்கொண்டே பார்த்தேன். மாதக்கணக்கில் இல்லாத நிம்மதி. கூடவே ஒரு கூச்சமும் — அவர் கண்ணாடி போடாமல் இருக்கும்போது அறைக்குள் நுழைந்துவிட்ட மாதிரி.

மார்ச் 12

கெட்டில், மோட்டார், விளக்கு எல்லாம் வருகின்றன, போகின்றன. அடியில் ஒன்று மட்டும் போவதே இல்லை. பகலும் இரவும் ஒரே உயரம். படிக்கட்டு இல்லாமல் ஒற்றைப் படி.

என்ன அது?

மார்ச் 15

"அப்பா, நம்ம ஃப்ரிட்ஜ் கரெண்ட்டைக் குடிக்குதுப்பா."

"அதுக்கு வயசாச்சு. குடிச்சிட்டுப் போகட்டும்."

"விளையாடாதீங்க. நிக்காம ஓடுது. கெட்டுப்போயிருக்கு."

"சரி பாப்பா, ஃப்ரிட்ஜாத்தான் இருக்கும்" என்றார். ரொம்ப வேகமாக ஒத்துக்கொண்டார். என் அப்பா எதையும் வேகமாக ஒத்துக்கொள்கிறவர் இல்லை.

மார்ச் 18

காரணமில்லாமல் அம்மாவின் கடைசி மாதங்கள் நினைவுக்கு வந்தன. ஆக்ஸிஜன் மெஷின் கட்டிலுக்குப் பக்கத்தில் உஸ்ஸென்று இழுத்து டப்பென்று விடும். லாரியை வீட்டுக்குள் நிறுத்திய மாதிரி இருக்கிறது, எவன் தூங்குவான் என்று அப்பா முணுமுணுப்பார். அம்மா மூக்கில் குழாயோடு சொல்வாள்: "இத்தனை வருஷம் உங்க குறட்டையை நான் கேட்டேன்ல? இப்ப என் மெஷினை நீங்க கேளுங்க."

மெஷினை ஆஸ்பத்திரிக்கே கொடுத்துவிட்டதாக அப்பா சொன்னார். நல்லது. யாருக்காவது உதவும்.

மார்ச் 23

அப்பா புது ஃப்ரிட்ஜ் வாங்கிவிட்டார்! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. படம் மட்டும் அனுப்பியிருக்கிறார். சமையலறையில் அது விருந்தாளி மாதிரி நிற்கிறது.

மார்ச் 24

படி அப்படியே இருக்கிறது.

ஸ்கேலிடம் காட்டினேன். "ஃப்ரிட்ஜ் ஏறி இறங்கும். இது ஆடாம அசையாம நிக்குது பார். வேற ஏதோ மெஷின்."

நேராக அப்பாவைக் கூப்பிட்டேன். எந்த ரூமில் என்ன ஓடுகிறது என்று கேட்டேன். நினைவில்லை என்றார். எலக்ட்ரீஷியனை அனுப்பவா என்றேன். வேண்டாம் என்றார். ஏன் வேண்டாம் என்றேன். யாருமே இல்லாத வீட்டில் இவ்வளவு எதற்கு என்றேன். என் குரல் எனக்கே கேட்டது, பள்ளிக்கூட டீச்சர் மாதிரி.

"பாப்பா, நான் என்ன பரீட்சையா எழுதறேன்? நீ ஏன் முதுகுக்குப் பின்னாடியே நிக்கற?"

வைத்துவிட்டார்.

யாருமே இல்லாத வீடு. அப்படியா சொன்னேன்?

மார்ச் 25

இந்த வீட்டின் பதிவைப் பார்க்க உங்களுக்கு அளித்த சம்மதத்தை உரிமையாளர் திரும்பப் பெற்றுள்ளார். அவர் காரணம் சொல்லத் தேவையில்லை.

என் வாசகம். ஒரு எழுத்துகூட மாறாமல் எனக்கே வந்திருக்கிறது.

மார்ச் 28

பேசினோம். வெயில் பற்றி. இங்கேயும் வெயில்தான் என்றேன். பேச்சு தீர்ந்துவிட்டது.

மார்ச் 31

என் முகத்தைப் பார்த்து ஸ்கேலே கேட்டான். சொன்னேன்.

"இதுக்குப் போயா? உள்ளேர்ந்து எனக்கு எல்லா வீடும் தெரியும். அப்பா எழுந்தாரா இல்லையான்னு மட்டும் தினம் சொல்லிடறேன். யாருக்குத் தெரியப்போகுது?"

அவன் நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்பாவின் இணைப்பு எண்ணை அடித்தும் விட்டேன். ஒரு பொத்தான் பாக்கி.

அவர் விழுந்து கிடந்தால்? சாப்பிடாமல் இருந்தால்? மகளுக்கு இல்லாத உரிமையா? — இதே கேள்விகளை வேறு யாராவது கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று தெரியும். கூட்டத்தில் சொல்லிக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

எண்ணை அழித்தேன். நல்லவள் என்பதால் இல்லை. போனில் பேசும்போது என் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அவருக்கு என் குரல் தெரியும்.

ஏப்ரல் 5

வருகிறேன் என்று முன்னாலேயே சொல்லிவிட்டு நேற்று வீட்டுக்கு வந்தேன்.

"ஃப்ரிட்ஜைப் பார். உன் புண்ணியத்துல ஐஸ் பாறை மாதிரி பிடிக்குது" என்றார். தண்ணீர் கொடுத்தார். இளைத்திருக்கிறார். சட்டைக் காலர் கழுத்தைத் தொடவில்லை. அம்மாவின் அறை சாத்தியிருந்தது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. வேண்டுமென்றே உண்டாக்கியது மாதிரி ஒரு அமைதி.

இன்று காலையில் அவர் கண் சிவந்திருந்தது. "புது இடம் மாதிரி இருக்கு, தூக்கம் வரல" என்றார். முப்பது வருடமாக அவர் இருக்கும் வீடு.

குளித்துவிட்டுத் துண்டு காயப்போடப் பின்பக்கம் போனேன். கொடியில் அவருடைய இரண்டு வேட்டி, ஒரு பனியன். நடுவில், கிளிப் மாட்டி, அம்மாவின் மூக்குக் குழாய்.

கழுவியிருக்கிறார். நுனியில் சொட்டு நின்றிருந்தது.

மெஷின் ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்லை. அந்த ஒற்றைப் படி எது என்று அங்கேதான் தெரிந்தது.

ஏப்ரல் 6

ரயிலில்.

கேட்கவில்லை. என் துண்டைக் கொடியின் அந்த ஓரத்தில் போட்டேன், பார்த்தேன் என்று காட்டிக்கொள்ளாமல். ஆனால் கிளம்பும்போது வாசலில் வாய் சும்மா இருக்கவில்லை.

"தூங்குங்கப்பா. உங்களுக்கு எப்படித் தூக்கம் வருமோ அப்படியே தூங்குங்க. எவ்வளவு கரெண்ட் ஆனா என்ன?"

நிமிர்ந்து பார்த்தார். "உங்கம்மா —" என்று ஆரம்பித்தார். என் பையின் ஜிப் திறந்திருந்தது. அதைக் குனிந்து இழுத்து மூடிவிட்டார். "ஜாக்கிரதையாப் போ."

யாரும் மாட்டிக்கொள்ளாத குழாயில் காற்று வந்துகொண்டிருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டு ஒரு மனிதர் தூங்குகிறார். நான் அவரை ஃப்ரிட்ஜ் வாங்க வைத்தேன்.

ஏப்ரல் 17

செயலி வெளிவந்துவிட்டது. கேக் வெட்டினார்கள். மேலாளர் என் சொல்லைப் புகழ்ந்தார். கேக்கில் ருசியே இல்லை.

மே 2

அப்பா தானாகவே போன் செய்தார். விஷயம் ஒன்றும் இல்லை. வைக்கும்போது, "அந்த ஒரு நாளை மட்டும் காட்டற சமாச்சாரம் இருக்கே, அது எப்படி வேலை செய்யும்?" என்று கேட்டார். நாளைத் தொட்டு, ஆளைத் தொட்டால் போதும் என்றேன். ஏன் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது.

மே 19

மதியம், சாப்பாட்டு மேசையில் செய்தி வந்தது.

இந்த வீட்டின் உரிமையாளர் ஒரு நாளின் பதிவை உங்களுக்குக் காட்டச் சம்மதித்துள்ளார்.

ஏனோதானோ வரி. நேற்று, ஞாயிற்றுக்கிழமை. அந்த ஒரு நாள் மட்டும்.

மாடிப்படியில் போய் உட்கார்ந்து திறந்தேன்.

காலையில் கெட்டில். அடியில் படி. மதியச் சமையல் இல்லை. பிற்பகலில் படி விழுந்தது. சரியவில்லை, செங்குத்தாக விழுந்தது. அதற்குக் கீழே புது ஃப்ரிட்ஜ் மட்டும், ஏறி இறங்கி, ஏறி இறங்கி. மூச்சு மாதிரி என்று எழுத வருகிறது. எழுத மாட்டேன்.

இருட்டுகிற நேரத்தில் படி மறுபடி எழுந்திருக்கிறது. ஒரே ஒரு அரைமணி. பிறகு இறங்கிவிட்டது. அந்த நாள் முடியும்வரை எழவே இல்லை. கூடத்து விளக்கு மட்டும் அணையாமல் இருந்திருக்கிறது.

கூப்பிட்டேன்.

"பாத்தியா?" என்றார்.

"பாத்தேன்பா."

"ம்." தொண்டையைச் செருமினார். "சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

தட்டு மேசையிலேயே இருந்தது. இருட்டில் மெஷினை ஏன் மறுபடி போட்டார் என்று நான் கேட்கவில்லை.