மந்தரீனோ மரத்து விசில்கள்

என் அன்பான இஞ்சாருங்கோ,

இருபத்தாறு வருசம் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். கடிதம் என்றால் தொடக்கத்தில் பெயர் வேண்டும் என்கிறாள் மகள் தர்ஷி. உங்கள் பெயரை எழுதிப் பார்த்தேன், வேறு யாருக்கோ எழுதுகிற மாதிரி இருந்தது. வெட்டிவிட்டேன்.

அடுத்த மாதம் நீங்கள் போய் ஒரு வருசம், உங்கள் ஆட்டைத் திவசம். ஐயரிடம் நாள் கேட்டாயிற்று. தர்ஷிக்கு மருந்துக்கடையில் வேலை நிரந்தரமாகிவிட்டது. இந்த நாட்டில் இருக்க விடுகிற என் பெர்மெஸ்ஸோவும் புதுப்பித்துக் கைக்கு வந்துவிட்டது. க்வெஸ்தூரா பொலிஸ் கந்தோர் வரிசையில் என் இடத்தைப் பிடித்துவைக்க இந்த முறை ஆள் இல்லை. அதனால் நான்கு மணித்தியாலம் அசையாமல் நின்றேன். கால் வீங்கினதற்கு உங்களைத்தான் திட்டினேன்.

திவசத்துக்கு ஒரு நினைவு மலர் அடிக்க வேண்டும் என்று தர்ஷி ஒரே பிடியாக நிற்கிறாள். எல்லாரும் உங்களைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதித் தந்துவிட்டார்கள். மிச்சம் நான்தான். அச்சுக்காரர் திங்கட்கிழமை கேட்கிறார். அதற்குள் உங்களுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். வேறொருவருக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது, அது இன்று காலை முடிந்துவிட்டது.

அந்த மற்றவர் பீனோ. வுச்சீரியாச் சந்தைக்குப் பக்கத்தில் வேட்டைச் சாமான் கடை வைத்திருக்கிறாரே, அவரேதான். நம்முடைய கட்டிலுக்குக் கீழே நீங்கள் செய்துவைத்துவிட்டுப் போன விசில்கள் கிடக்கிற பெட்டியை முழுதாகக் கேட்டார். கண்ணாடி அலுமாரியில் உங்கள் பெயர் போட்டு அடுக்குவாராம். நீங்கள் எவ்வளவு ஆசைப்பட்ட அலுமாரி அது. சனிக்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள் சிஞ்ஞோரா என்றார். கொடுப்பதா விடுவதா என்று ஒரு கிழமையாக எனக்குச் சோறு இறங்கவில்லை. "அம்மா, அந்த ஸ்காத்தொலாவைக் குடுத்திடுங்கோ, போதும், பாஸ்தா" என்றாள் தர்ஷி. அவளுக்கு அது வெறும் பெட்டி.

நீங்கள் என்ன செய்தீர்கள் என்று இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். தோர்தோ என்று இந்த ஊரில் சொல்வது நெஞ்சில் புள்ளி விழுந்த ஒரு குருவியை. வடக்கே குளிர் தொடங்க, தப்பிப் பிழைக்க இங்கே தோட்டங்களுக்கு வரும். வேட்டைக்காரர் மரத்தடியில் ஒளித்திருந்து, அதன் குரலிலேயே ஒரு மர விசிலை ஊதுவார்கள். தன் இனம்தான் கூப்பிடுகிறது என்று நம்பி அது கிட்ட வரும். வந்தால் வெடி. அந்த விசிலைத்தான் என் வீட்டுக்காரர் செய்தார்.

யாரும் உங்களுக்கு அதைச் சொல்லித் தரவில்லை. நீங்கள் வேலைக்குப் போய்ப் பார்த்துக்கொண்ட வேட்டைக்காரக் கிழவர் சிஞ்ஞோர் ரொசாரியோவின் பழைய விசில் ஒன்று வெடித்துப்போக, அதைப் பிரித்துப் பார்த்தீர்கள். பிறகு சியாகுல்லித் தோட்டத்தில் வேலை செய்கிற உங்கள் மொரீசியஸ் கூட்டாளி, வெட்டிவிட்ட மந்தரீனோ என்கிற சின்ன ஆரஞ்சு மரக் கொப்புகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுவரத் தொடங்கினார். கொப்பின் இரண்டு தலைப்பிலும் மெழுகு பூசி ஒரு வருசம் காயவிடுவீர்கள். மெழுகு இல்லாவிட்டால் பிளந்துவிடும் என்பீர்கள். நான் கேட்கவே இல்லை, நீங்களாகச் சொல்வீர்கள்.

பிறகு ஒரு விரல் நீளத்துக்கு அறுப்பு. நடுவில் துளை, மேலே ஒரு வெட்டு, வாய்ப்பக்கம் ஒரு தக்கை. உயிர் அந்தத் தக்கையில்தான் இருந்தது. அரத்தாலே ஒரு தடவை, ஊதிப் பார்க்க ஒரு தடவை, திரும்ப அரம். ஒரு மயிரளவு கூடினாலும் குருவி வராதாம். ஊதிப் பார்ப்பதும் குசினி யன்னலை இறுக்கிச் சாத்திவிட்டுத்தான். "வெளியிலை கேட்டா அது வந்து நிண்டு தேடும், பாவம். பொய் சொல்லுறதை வேட்டைக்காரன் சொல்லட்டும்" என்பீர்கள். எனக்கு அந்த நியாயம் ஒருநாளும் விளங்கவில்லை.

கடைசி ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் யன்னலைச் சாத்தினீர்கள். அடுப்பில் நண்டு கொதித்தது, குசினி முழுக்கப் புகை. நான் வெடித்துவிட்டேன்.

"உமக்கு இது ஏன் பிடிக்கேல்லை? ஒருக்கா எண்டாலும் சொல்லுமன்" என்று கேட்டீர்கள்.

"சீவனைக் கொல்லுற சாமானைச் சாமித்தட்டுக்குப் பக்கத்திலை வைச்சுச் செய்தா பிடிக்குமோ?"

"அப்ப சட்டியிலை கிடக்கிறது சீவன் இல்லையோ? நேற்று ஸ்ஃபெர்ராகவால்லோ மீன்சந்தையிலை நீர்தானே கிண்டிக் கிண்டிப் பொறுக்கினீர்."

"நண்டை ஒருத்தரும் ஏமாத்திக் கூப்பிடேல்லை" என்றேன். சொன்னதும் வாயை மூடிக்கொண்டேன். நீங்கள் அரத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தீர்கள். நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தீர்கள். எனக்குப் பயம் பிடித்தது. அந்தப் பயத்தில்தான் அதைச் சொன்னேன்: "வெள்ளைக்காரனைக் கழுவித் துடைக்கிறது காணாதெண்டு, அவன்ரை கொலைக்கும் கூலிவேலை செய்யிறியள்."

நீங்கள் சாமான்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்தீர்கள். புதன்கிழமை சிஞ்ஞோர் ரொசாரியோவின் குசினியில் அவருக்குக் கோப்பி போட்டுக்கொண்டு நிற்கையில் விழுந்து, அப்படியே போய்விட்டீர்கள். இடையில் இரண்டு நாள் இருந்தது. மன்னிப்புக் கேட்க இரண்டு நாள் போதும்தானே? நான் கேட்கவில்லை. சோறு போட்டேன், சட்டை மினுக்கினேன், வாயைத் திறக்கவில்லை.

நீங்கள் பார்த்த கிழவரை இப்போது கிழமையில் மூன்று நாள் நான்தான் பார்க்கிறேன். அவர் கட்டிலோடு ஆகிவிட்டார். சியாகுல்லித் தோட்டங்களின் ஓரத்தில் அந்த வீடு, யன்னலைத் திறந்தால் மந்தரீனோ மரம். கார்த்திகை தொடக்கம் உங்கள் பெயரைச் சொல்லி ஒரே கேள்விதான் கேட்டார். "சீவா எனக்கென்று ஒன்று செய்துகொண்டிருந்தானே, அது எங்கே?" முதல் தடவை தெரியாது என்றேன். இரண்டாம் தடவை கேட்காதமாதிரி நிலத்தைத் துடைத்தேன். இந்தக் கிழமை மூன்றாம் தடவை கேட்கையில் அவர் கண் கலங்கிவிட்டது, எனக்கு மனம் கேட்கவில்லை.

பெட்டிக்குள் அது தனியாகத் துணியில் சுற்றிக் கிடந்தது, தக்கை இறக்காமல். நானே இறக்கினேன். நம்புவீர்களா? பக்கத்தில் நின்று வருசக்கணக்காக உங்களைத் திட்டினதில் எனக்கும் வேலை பிடிபட்டிருக்கிறது. மூன்று தக்கை பழுதாக்கி, நாலாவதில் சத்தம் வந்தது. நானும் யன்னலைச் சாத்திவிட்டுத்தான் ஊதினேன். கடைசியில் நீங்கள் ஏதோ எண்ணெய் பூசித் துடைப்பீர்கள். எந்த எண்ணெய் என்று கேட்டு வைத்தேனா? நமக்குத் தெரிந்த எண்ணெய் ஒன்றுதான். அடுப்புச் சூட்டில் உருகிக் கிடந்த தலைக்கு வைக்கிற போத்தலை எடுத்து, துளைக்குள்ளும் போகட்டும் என்று தாராளமாக விட்டேன்.

அடுத்தநாள் காலை நல்ல குளிர். தோட்டத்துப் புல்லெல்லாம் வெள்ளை. யன்னலைத் திறக்கச் சொல்லிவிட்டுக் கிழவர் விசிலை வாயில் வைத்தார். காற்றுக்கூட வரவில்லை. வாங்கிப் பார்த்தால் துளை முழுக்க வெள்ளையாகக் கட்டி. தேங்காயெண்ணெய் உறைந்துபோயிற்று. தை மாதத்தில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தப் போத்தலைச் சுடுதண்ணீருக்குள் வைத்து உருக்கித் தலைக்கு வைக்கிறவள் நான். அந்த அறிவு நேரத்துக்கு வந்ததா? கிழவர் மணந்து பார்த்தார். "பிஸ்கோத்து மாதிரி மணக்குது" என்று இருமி இருமிச் சிரித்தார். நீங்கள் போனபிறகு அவர் சிரித்ததை நான் அன்றுதான் கண்டேன்.

கோப்பிக் கேத்திலோடு ஒட்டிவைத்து உருக்கினோம். ஊசியால் குத்தித் துடைத்தோம். ஊத அவருக்கு மூச்சுக் காணவில்லை. "நீ ஊது" என்றார். திறந்த யன்னலுக்கு முன்னால் நின்று ஊதினேன். நாக்கைத் தட்டிச் சின்னதாக இரண்டு தரம், நீங்கள் செய்வதுபோல.

அது வந்துவிட்டது. இவ்வளவு சுறுக்காக வரும் என்று நான் நினைக்கவில்லை. மந்தரீனோக் கொப்பில் வந்து இருந்து, தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிக் கூப்பிட்ட ஆளைத் தேடியது. கிழவரின் வலது கை, சுடப்போகிற மாதிரி, போர்வைக்கு மேலே தானாக எழும்பியது. துவக்கு அலுமாரியில் பூட்டிக் கிடக்கிறது, எனக்கும் தெரியும். இருந்தாலும் நான் இரண்டு கையையும் தட்டி, "போ, போ, ஓடு" என்று தமிழில் கத்திவிட்டேன். அது பறந்துபோயிற்று.

"உனக்குப் பைத்தியமா?" என்றார் கிழவர். நியாயமான கேள்வி. நான் கட்டில் விளிம்பில் இருந்து, எனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னேன். உங்களுக்குச் சொல்லாததை அவருக்குச் சொன்னேன். இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

என் அண்ணா நந்தன் காணாமல் போனது உங்களுக்குத் தெரியும். படத்துக்குப் பூ வைத்ததே நீங்கள்தான். எப்படிப் போனான் என்று நான் சொன்னதில்லை, நீங்களும் துருவிக் கேட்டதில்லை. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. ஒரு பின்னேரம், அம்மா கோயிலுக்குப் போய்விட்டா. வாசல் படலையில் அவனுடைய கூட்டாளி ஜெயம் தனியாக நின்று, "நந்தன், ஒருக்கா வந்திட்டுப் போ" என்று கூப்பிட்டான். அண்ணா பின்வளவில் கிணற்றடியில் நின்றான். அவனுக்குக் கேட்கவில்லை. எனக்குத்தான் கேட்டது. நான்தான் ஓடிப்போய்ச் சொன்னேன். "அண்ணா, ஜெயம் அண்ணா வந்து நிக்கிறார். கெதியா வரட்டாம்."

ஜெயம் கெதியாக, உடனே வரச் சொல்லவில்லை. அது நானாகச் சேர்த்தது. விளையாட்டை விட்டுவிட்டு வந்த அவசரம் எனக்கு. அண்ணா சட்டைப் பொத்தான்கூடப் போடாமல் போனான். ஒழுங்கை முடக்கில் வாகனம் கிளம்புகிற சத்தம் கேட்டது. ஜெயமும் திரும்பி வரவில்லை. பிடிக்க வந்தவர்கள் அவனை முன்னுக்கு நிறுத்திக் கூப்பிட வைத்திருக்கிறார்கள் என்று வளர்ந்தபிறகுதான் எனக்கு விளங்கியது. "ஆர் பிள்ளை வந்து கூப்பிட்டது?" என்று அம்மா சாகும்வரைக்கும் கேட்டா. தெரியாது என்றே சொன்னேன்.

கிழவர் பிறகு தம்பியா, அண்ணனா என்று கேட்டார். பெயர் என்ன என்று கேட்டார். நந்தன் என்றேன். ஒருதரம் சொல்லிப் பார்த்தார், சரியாக வரவில்லை, திரும்பவும் சொன்னார். அதற்குப் பிறகு, "சீவாவுக்கு இது தெரியுமா?" என்றார். இல்லை என்றேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஏன் உங்களுக்குச் சொல்லவில்லை? இதைத்தான் ஒரு வருசமாக என்னையே கேட்கிறேன். நீங்கள் கோபிப்பீர்கள் என்றா? உங்களுக்குக் கோபிக்கவே தெரியாது. சொல்லியிருந்தால் அந்த நிமிசமே விசில் செய்வதை விட்டிருப்பீர்கள். எனக்கு அது நன்றாகத் தெரியும், அதனால்தான் சொல்லவில்லை. கிழமை முழுக்க மற்றவர்கள் வீட்டில் மற்றவர்கள் சொன்னதைச் செய்தீர்கள். ஞாயிறு காலையில் மட்டும், அந்தச் சின்ன மேசைக்கு முன்னால், நீங்கள் உங்கள் விருப்பத்துக்கு இருந்தீர்கள். மூக்குக்கண்ணாடி வழுக்க, நாக்கைக் கடித்துக்கொண்டு அரம் பிடிக்கையில் உங்கள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கல்லவா தெரியும். அதைப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை. பறிக்கவும் முடியாமல் பொறுக்கவும் முடியாமல்தான் நச்சரித்தேன். கடைசியில் அந்தக் கெட்ட வார்த்தையைச் சொன்னேன். கழுவித் துடைத்தது கேவலம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. இன்றைக்கு நானும் அதையேதான் செய்கிறேன், அந்தக் கிழவரை நீங்கள் எவ்வளவு பக்குவமாகப் பார்த்திருக்கிறீர்கள் என்று அவர் முதுகைக் கழுவும்போது தெரிகிறது. என்னை மன்னியுங்கோ.

இன்று காலை பீனோவிடம் போனேன். பெட்டி தரமாட்டேன் என்றேன்.

"வேறு கடைக்குக் கொடுக்கிறீர்களா சிஞ்ஞோரா?"

"இல்லை. அவர் செய்வதை நிறுத்திவிட்டார்."

பீனோ மெதுவாக, என் மனம் நோகாமல் சொன்னார். "சிஞ்ஞோரா, அவர் இறந்து ஒரு வருசம் ஆகப்போகிறது."

"ஓம்" என்றேன். பதற்றத்தில் தமிழ் வந்துவிட்டது. "ஆனால் இந்தக் கிழமைதான் நிறுத்தினவர்."

அவருக்கு விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கும், நான் வாய் திறந்தது இந்தக் கிழமைதானே. அலுமாரியில் உங்கள் பெயர் இல்லாமல் போனது எனக்கும் துக்கம்தான், ஒளிக்கவில்லை. பெட்டியை எரிக்க மாட்டேன், எறியவும் மாட்டேன். உங்கள் கை பட்ட சாமான்.

நாளை ஞாயிற்றுக்கிழமை, தர்ஷிக்கு லீவு. தன் மாமா எப்படிப் போனார் என்று அவள் அச்சில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. இந்தத் தாளை அவள் கையில் கொடுக்குமுன் பக்கத்தில் இருத்தி, என் வாயாலேயே சொல்வேன். கெதியா வரட்டாம் என்று நான் சேர்த்ததையும் விடாமல் சொல்வேன். யார் கூப்பிட்டது என்று அவள் கேட்டால், தெரியாது என்று சொல்ல மாட்டேன். இது உங்களுக்குச் சத்தியம்.

இப்படிக்கு
உங்கள் வீட்டுக்காரி,
நந்தனின் தங்கச்சி,
மலர்