லியோகாதியாவின் கோட்டு

அக்டோபர் 7, செவ்வாய்

பிர்மினா வீட்டுச் சமையலறையில் இன்று ஏழாவது அத்தியாயம். வாசித்தது என் நாத்தனார் சுல்மிரா. எட்டாவது வரை படித்தவளாயிற்றே, புத்தகத்தைப் பிடிக்கிற தோரணையே தனி. கதையில் புயல் வந்தால் மேசையைத் தட்டுவாள். நானும் பிர்மினாவும் தைத்துக்கொண்டே கேட்டோம். அடுத்த வாரம் என் முறை. நான் அஞ்சாவதோடு நின்றவள், விரல் வைத்துத்தான் போவேன்.

"நீ ஒரு பக்கம் முடிக்கிறதுக்குள்ள படகு போயிட்டுத் திரும்பி வந்துடும், தியோ" என்றாள் சுல்மிரா.

வரட்டுமே. வந்தால் இன்னொரு தடவை ஏறிக்கொள்கிறது.

கதையில் லியோகாதியா ஒரு தீவுத் துறையில் படகுச் சீட்டு விற்று, படகுக் கயிறும் இழுத்துக் கட்டுகிறவள். வருஷம் பூரா ஒரே கோட்டு. வெளியே கருநீலம், உள்ளே சிவப்புத் துணி, அதில் ஏகப்பட்ட பைகள். ஊரை விட்டுப் போகிறவர்கள் எடுத்துப்போக முடியாததை அவளிடம் கொடுத்துவிட்டுக் கப்பலேறுகிறார்கள். இன்று ஒருத்தன் வீட்டுச் சாவியைக் கொடுத்தான். பிர்மினா ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். நாங்கள் மூன்று பேரும் அப்படி எங்கள் தீவில் யார் கையிலோ சாவியைக் கொடுத்துவிட்டு, கடல் தாண்டி இந்த ஃபால் ரிவர் ஊருக்கு வந்தவர்கள்தானே.

இந்த அத்தியாயத்துக்குச் சாவிப் பை தைப்பதாக முடிவு. ஒரு அத்தியாயத்துக்கு ஒரு பொருள், அதுதான் எங்கள் ஏற்பாடு. மத்தி மீன் பின்னல் போட்ட அடுப்புத் துணி, சீட்டுப் பை எல்லாம் ஆயிற்று. யாரும் முன்கூட்டிப் படிக்கக் கூடாது என்பது இன்னொரு ஏற்பாடு. அதனால் புத்தகம் பிர்மினா வீட்டு ஃபிரிட்ஜ் மேலே, அந்தோணியார் சுரூபத்துக்கு அடியில் இருக்கும். அவரைத் தூக்கிவிட்டுத் திருட்டுத்தனமாகப் படிக்க எங்களுக்குத் தைரியம் கிடையாது.

அக்டோபர் 12, ஞாயிறு

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

மகன் வீட்டில் மதியச் சாப்பாடு. பேத்தி நதாலியா டிசம்பரில் நர்ஸ் படிப்பை முடிக்கிறாள். ஜனவரியில் வடக்கே மெய்ன் பக்கம், பாங்கோர் ஊர் ஆஸ்பத்திரியில் வேலை. எங்கள் வம்சத்தில் அவ்வளவு படித்தவள் அவள்தான். இதைக் கறிக்கடையில் சொன்னேன், கோயிலில் சொன்னேன், பஸ் ஓட்டுகிறவனிடமும் சொல்லியாயிற்று.

"அங்க குளிரு எலும்புக்குள்ள போகும்" என்றான் என் மகன்.

உடனே நான் எழுந்திருக்காத குறையாக, "எம் பேத்திக்கு நான் கோட்டுத் தைச்சுத் தாரேன். எங்க கதையில வார கோட்டு. முழுசா எங் கையால. முப்பத்தோரு வருஷம் கோட்டு தைச்சவ நான்" என்றேன்.

"நிசமாவா பாட்டி? நீ தைச்ச கோட்டு எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல தெரியுமா?" என்று நதாலியா வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

சுல்மிரா கீரை சூப்புக்கு மேலே ஒற்றைப் புருவத்தைத் தூக்கினாள். அவள் சொல்லாமல் இருந்தால்தான் எனக்குப் பயம்.

ஃபாக்டரியில் நான் தைத்தது கோட்டின் கை. கை மட்டும். முப்பத்தோரு வருஷம் இடது கை, வலது கை, இடது கை, வலது கை. காலர் சுல்மிராவின் மெஷினில். முதுகும் பக்கமும் பிர்மினா. முழுக் கோட்டை நான் பார்த்ததெல்லாம் கடைக் கண்ணாடிக்குள்ளே. பேத்தி சின்னவளாக இருந்தபோது பாட்டி என்ன வேலை பார்த்தாய் என்று கேட்டாள். கோட்டு தைத்தேன் என்றேன். அது அப்படியே நின்றுவிட்டது. அவள் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்! இப்போது போய் எப்படித் திருத்துவது?

அக்டோபர் 14, செவ்வாய்

எட்டாவது அத்தியாயம் நான் வாசித்தேன். பதினோரு பக்கம். தொண்டை கட்டிவிட்டது. முடிந்ததும் இரண்டு பேரிடமும் விஷயத்தைச் சொல்லி, என்ன செய்வது என்று கேட்டே விட்டேன்.

"முழுசா எங் கையாலன்னு எதுக்குச் சொன்னே?" என்றாள் சுல்மிரா.

"வாய்ல வந்துடுச்சு மதினி."

"ஒன் வாய்க்கு ஒரு காஜா எடுத்துப் பொத்தான் போடணும்."

பிர்மினா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப்போடுறியே. ஃபாக்டரியில செஞ்ச மாதிரியே செஞ்சிட்டாப் போச்சு. நீ கை, அவ காலரு, நான் ஒடம்பு. கீழ் அறையில நீலக் கம்பளித் துணி கெடக்கு" என்றாள். அவ்வளவுதான். துணியை மூன்றாகப் பங்கு போட்டு, அவரவர் துணிக் கட்டை அவரவர் எடுத்துக்கொண்டோம்.

"தைச்சுத் தாரேன். ஆனா பொய் ஒன்னோடது. அதுல எனக்குப் பங்கு கெடையாது" என்று சொல்லிவிட்டுப் போனாள் சுல்மிரா.

நவம்பர் 4, செவ்வாய்

இடது கை முடிந்தது. தோள் முனையில் ஒரு சுருக்கம் இல்லை. கை மறக்கவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

கோட்டு எவ்வளவு வந்திருக்கிறது, காட்டு என்று நதாலியா நின்றாள். அரைகுறை வேலையை நான் யாருக்கும் காட்டுவதில்லை என்றேன். ஒரு பொய்க்குத் துணையாக இன்னொன்று. "சிநேகிதிங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேன் பாட்டி" என்கிறாள். அந்தோணியாரே.

டிசம்பர் 2, செவ்வாய்

மூன்று துணிக் கட்டும் இன்று ஒரே மேசைக்கு வந்தன.

முதலில் பிர்மினா தான் தைத்த கோட்டு உடம்பை விரித்தாள். அதற்குள் இரண்டு பேர் நுழையலாம். சுல்மிராவின் காலர் குருவிக் கழுத்துக்கு வெட்டியது. என் கைகள் மேசை விளிம்பைத் தாண்டித் தொங்கின.

"இது யாருக்குடி?" என்றாள் சுல்மிரா.

"லியோகாதியாவுக்கு. நாள் முழுக்கக் கயிறு இழுக்கிற பொம்பள. ஒடம்பு இருக்காதா?" என்றாள் பிர்மினா.

"அவளா குண்டு? எந்தப் பக்கத்துல எழுதியிருக்கு? அவ சின்னதா, வெடுக்குனு இருப்பா."

"சின்னதா வெடுக்குனு இருக்கிறது நீ."

"அப்ப குண்டா இருக்கிறது நீ!"

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். "ஒன் ஆளு யாரு தியோ? மரத்துல தொங்குறவளா?"

அந்தோணியாரை இறக்கி வைத்துவிட்டுப் படித்த பக்கங்களை எல்லாம் புரட்டினோம். குட்டையா நெட்டையா என்று ஒரு வரி கிடையாது. கோட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. போட்டிருக்கிறவளைப் பற்றி ஒன்றும் காணோம்.

அப்புறம்தான் உறைத்தது. நாங்கள் ஒருத்தியும் நதாலியாவை அளக்கவில்லை! ஃபாக்டரியில் ஒவ்வொரு துணிக் கட்டிலும் அளவுச் சீட்டு குத்தி வரும். வெட்டுகிறவன் எழுதிய எண். அதைப் பார்த்துத் தைத்துத் தள்ளுவோம். யார் போடப்போகிறார்கள் என்று நாங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை, கேட்க நேரமும் இல்லை. இந்தத் தடவை சீட்டு வரவில்லை. அவரவர் மனசில் இருந்தவளுக்குத் தைத்துவிட்டோம்.

மூன்று பேர், அத்தனை வருஷம் மெஷினில் உட்கார்ந்தவர்கள். வெட்கக்கேடு.

டிசம்பர் 3, புதன்

என் லியோகாதியா யார் என்று காலையிலிருந்து யோசனை. உருளைக்கிழங்கு உரிக்கும்போது தெரிந்தது. எங்கள் தீவில், ஓடைக்கரையில் போர்வை பிழிகிற என் அம்மா. அவ்வளவு நீளக் கை ஊரில் யாருக்கும் இல்லை. அந்தக் கைக்குத்தான் தைத்திருக்கிறேன். தெரியாமலே.

டிசம்பர் 9, செவ்வாய்

மத்தியானமே பனி கொட்ட ஆரம்பித்தது. இன்று வாசிப்பு இல்லை. மேசையில் நீலத் துணி கிடந்தது, அதைச் சுற்றி நாங்கள்.

"நதாலியாகிட்ட உண்மையச் சொல்லு. சொல்லாம நான் கத்திரிக்கோலத் தொட மாட்டேன்" என்றாள் சுல்மிரா.

"அவ ஊருக்குப் போனதும் சொல்றேனே."

"போன்ல சொல்லுவியா? முப்பத்தோரு வருஷமும் கை மட்டும் தைச்சவன்னு?"

அப்போது கதவு திறந்தது. நதாலியா. பனியில் பாட்டி நடந்து வரக் கூடாது என்று காரை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். தொப்பியைக் கழற்றாமல் மேசையைப் பார்த்தாள்.

"என்ன இது? மூணு கோட்டா?"

பிர்மினா அடுப்புப் பக்கம் போய்விட்டாள். சுல்மிரா என்னையே பார்த்தாள். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. அதற்கு அவளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

நானே சொன்னேன். "கோட்டு நான் தைச்சதே இல்லம்மா. கை மட்டுந்தான் தைச்சேன். காலரு இவ. ஒடம்பு அவ. ஒங்கிட்டப் பெருசாச் சொல்லிட்டேன்."

துணியில் இருந்த நூலை எடுத்துக்கொண்டிருந்தேன், எடுக்க நூல் இல்லாத இடத்தில்.

"முப்பத்தோரு வருஷமும் கையா?"

"ஆமா."

"எந்தக் கை?"

"ரெண்டும்."

"ஏன் பாட்டி எங்கிட்ட மறைச்சே?" கேட்டபோது அவள் சிரிக்கவில்லை. கொஞ்சம் வலித்திருக்கிறது.

"கைன்னு சொன்னா சின்னதாத் தெரியும்னு."

அவள் கோட்டின் வலது கையை எடுத்து நர்ஸ் சட்டைக்கு மேலே மாட்டினாள். தோளில் பிடித்துக்கொண்டு கையை நீட்டினாள். விளிம்பு மணிக்கட்டு எலும்பில் போய் நின்றது. சரியாக, ஊசி நுனி அளவுகூடப் பிசகாமல். முழங்கையை மடக்கினாள், நீட்டினாள்.

"கடையில வாங்குற கோட்டு எதுவும் எனக்கு இங்க வரைக்கும் வராது. எப்பவும் மணிக்கட்டு வெளிய நிக்கும்" என்றாள். அப்புறம், "கை இல்லேன்னா அதுக்குப் பேரு கோட்டு இல்ல பாட்டி" என்றாள்.

அம்மாவின் கை இவ்வளவு நாளும் என் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறது, நான் கவனிக்கவில்லை.

"என்ன பாத்துட்டு நிக்கிறே, டேப்ப எடு" என்று பிர்மினா அடுப்புப் பக்கமிருந்து கத்தினாள். நதாலியாவைச் சுற்றிச் சுற்றி அளந்தோம். பிர்மினா தைத்த உடம்பில் மிச்சம் வருகிற துணியில் புதுக் காலரே வெட்டலாம். சுல்மிரா சாக்பீஸை என் கையில் திணித்தாள்.

"முழுசா எங் கையாலன்னு சொன்னவ நீதானே? காலர நீ தை. நான் பக்கத்துல உக்காந்து திட்டுறேன்."

டிசம்பர் 13, சனி

காலர் வெட்டினேன். திட்டு வாங்கினேன்.

டிசம்பர் 16, செவ்வாய்

நாலாவது தடவையாகப் பிரித்தேன். இடது முனை வலதைவிட ஒரு நூல் பெரிசு. "ஃபாக்டரியா இருந்தா மூஞ்சியில விட்டெறிஞ்சிருப்பாங்க" என்றாள் சுல்மிரா. பிறகு விரலால் நீவிப் பார்த்து, "இது ஃபாக்டரி இல்ல. விடு" என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி வந்தால் அது பாராட்டு.

டிசம்பர் 23, செவ்வாய்

பதின்மூன்றாம் அத்தியாயம் படித்துக்கொண்டே சிவப்பு உள்துணியைக் கையால் தைத்தோம். ஆளுக்கு ஒரு பை. நதாலியாவும் உட்கார்ந்து பொத்தான் தைத்தாள். ஊசி பிடிக்கத் தெரியவில்லை. நர்ஸாம்!

ஜனவரி 3, சனி

போய்விட்டாள். கோட்டைப் போட்டுக்கொண்டே காரில் ஏறினாள். தெரு முனை வரைக்கும் கையை ஆட்டிக்கொண்டே போனாள். நான் கையைத்தான் பார்த்தேன்.

அவள் அபார்ட்மென்ட்டின் மாற்றுச் சாவியை என்னிடம் கொடுத்திருக்கிறாள். இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு நான் அதை வைத்து என்ன செய்வது? ஏழாம் அத்தியாயத்துக்குத் தைத்த பையில் போட்டு வைத்தேன்.

ஜனவரி 11, ஞாயிறு

போன் வந்தது. அங்கே மூக்கு விறைக்கிற குளிராம். பெரிய நர்ஸ் கோட்டை எங்கே வாங்கினாய் என்று கேட்டாளாம். "எங்க பாட்டி கை தைச்சாங்க, இன்னும் ரெண்டு பேரு மத்தது தைச்சாங்கன்னு சொன்னேன்" என்றாள். காலரைச் சொல்லவில்லையா என்று கேட்டேன். "அது கோணலா இருக்கே பாட்டி" என்றாள். கழுதை. ஆனால் சிரிப்பு வந்தது.

ஜனவரி 20, செவ்வாய்

இன்று கடைசி அத்தியாயம். பாதி சுல்மிரா வாசித்தாள். பிறகு புத்தகத்தை என்னிடம் தள்ளிவிட்டாள். மீதியை நான், விரல் வைத்து. லியோகாதியா எங்கும் போகவில்லை. பையிலிருந்த சாவிகளை எல்லாம் எடுத்து, பூட்டிக் கிடக்கிற வீடுகளைத் திறந்து, ஜன்னல்களைக் காற்றுக்குத் திறந்து வைத்துக்கொண்டே போகிறாள். அவ்வளவுதான் கதை. கடைசி வரி வரைக்கும் அவள் குண்டா ஒல்லியா என்று சொல்லவே இல்லை.

"நான் சொன்னேன்ல, குண்டுதான்" என்று பிர்மினா புத்தகத்தை மூடினாள்.

அடுத்த புத்தகம் என்ன என்று சண்டை நடந்துகொண்டிருந்தபோதே கீழ் அறையிலிருந்து மிச்ச நீலத் துணியை எடுத்துவந்தேன். எனக்கு ஒரு கோட்டுக்குப் போதும். காலரிலிருந்து ஆரம்பிக்கப்போகிறேன்.

"அளவு?" என்றாள் சுல்மிரா.

என் அளவு எனக்குத் தெரியாது. பிர்மினா டேப்பை எடுத்து என்னைச் சுற்றினாள். என் கை நதாலியாவின் கையைவிட, அதாவது அம்மாவின் கையைவிட, நாலு விரல் குட்டை. இத்தனை வருஷம் தெரியாத சங்கதி.

ஒரு துண்டுக் காகிதத்தில் எண்ணை எழுதப்போனேன். அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். கட்டின் மேலே குத்தி வைத்தேன்.